கிளஸ்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கணினிப் பிரிவின் உதவி மேசைக்கு அதிகம் வரும் புகார் ஒன்றே ஒன்றுதான்: "கிளஸ்டர் வேலை செய்யவில்லை." பல கணினிகளை ஒன்றாக இணைத்த அந்தப் பெரிய அமைப்பு பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உங்கள் மடிக்கணினி, வளாக நெட்வொர்க், நீங்கள் முதலில் நுழையும் கணினியான லாகின் நோட், நீங்கள் கொடுத்த வேலை (ஜாப்) ஓடும் நோட், ஸ்டோரேஜ் என்று ஐந்து இடங்கள் இருக்கின்றன. இவற்றில் ஏதோ ஒன்று மக்கர் செய்கிறது. எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், திரையில் வரும் செய்தி அந்த இடத்தை நேராகக் காட்டாது. ஸ்டோரேஜ் நிரம்பினால் லாகின் சொதப்பும். நெட்வொர்க்கின் காவல் பெட்டியான ஃபயர்வாலில் கோளாறு இருந்தால், கிளஸ்டருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்மேல் சந்தேகம் வரும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதுதான் சரியான வழி.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்லர்ம் ஓடும் கிளஸ்டர்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த இந்த ஜாப் மேலாளர்தான் இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் சூப்பர் கணினியிலும் அதுதான், திருச்சி என்ஐடியில் 2022-இல் திறக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் வேகமுள்ள 'பரம் பொருள்' கணினியிலும் அதுதான். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளேயே போக முடியவில்லை

எஸ்எஸ்எச் தரும் மூன்று பதில்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன.

"கனெக்ஷன் டைம்டு அவுட்" என்று வந்தால் நீங்கள் அனுப்பிய தரவுத் துண்டுக்கு (பாக்கெட்) யாருமே பதில் சொல்லவில்லை. வளாகத்துக்கு வெளியே இருந்துகொண்டு விபிஎன் (வெளியிலிருந்து வளாக நெட்வொர்க்குக்குள் வரும் இணைப்பு) போட மறந்திருப்பீர்கள், அல்லது வழியில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்குகிறது. பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதில் பயனே இல்லை, ஏனென்றால் பாஸ்வேர்டு கேட்கும் கட்டமே இன்னும் வரவில்லை. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் அந்த முகவரியில் இயந்திரம் இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் (இணைப்பை ஏற்கும் வாசல் எண்ணில்) கேட்பவர் இல்லை. போர்ட் எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கலாம், பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

"பெர்மிஷன் டினைடு" வந்தால் நெட்வொர்க்கில் குறை இல்லை என்று நிம்மதி கொள்ளலாம். பாஸ்வேர்டுக்குப் பதில் கீ கோப்பு வைத்து நுழைபவர்கள் முதலில் அனுமதிகளைப் பாருங்கள். தனிப்பட்ட கீ கோப்புக்கு 600, டாட்-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதாவது உங்களுக்கு மட்டும் அனுமதி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, கிளஸ்டரில் உங்கள் ஹோம் ஃபோல்டரையே குழுவினர் எழுதும்படி திறந்துவிட்டால் சர்வர் உங்கள் கீயை ஏற்காது என்பது. கூட இருக்கும் மாணவருக்கு ஒரு கோப்பைக் கொடுப்பதற்காக ஹோம் முழுவதையும் 777 ஆக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டு, மறுநாள் உள்ளே வர முடியாமல் தவிப்பவர்கள் இந்த வகை. அப்படி எப்போதும் செய்யாதீர்கள். பகிர்வதற்குத்தான் புராஜெக்ட் ஃபோல்டர் இருக்கிறது.

பாஸ்வேர்டு சரி, ஆனால் ஆறு இலக்க ஒருமுறைக் குறியீட்டை மட்டும் ஏற்க மறுக்கிறது என்றால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தக் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நேரத்தைக் கையால் மாற்றி வைத்த போனில் அது எப்போதுமே தப்பாகத்தான் வரும். தானியங்கி நேரத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. திரும்பத் திரும்பத் தவறாகத் தட்டினால் பல கிளஸ்டர்கள் உங்கள் ஐபி முகவரியைக் கொஞ்ச நேரம் தடுத்துவைக்கும். அப்போது "டைம்டு அவுட்" என்றோ "ரெஃப்யூஸ்டு" என்றோ வரத் தொடங்கும், மேலே சொன்ன விளக்கமும் குழம்பிவிடும். வேறு இணைப்பிலிருந்து போய்ப் பாருங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் இது தடைதான். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

லாகின் ஆகிறது, ஆனால் கோப்பு மட்டும் அனுப்ப முடியவில்லை என்பது தனி ரகம். கோப்பு அனுப்பும் கருவியான எஸ்எஃப்டிபி "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1466264675" என்று ஒரு விநோதமான எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் பதினாறடிமான எண்ணாக மாற்றி, இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, எழுத்தாகப் படியுங்கள். டபிள்யூ, ஈ, எல், சி என்று வரும். "வெல்கம்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள்! லாகின் ஆகும்போது தானாக ஓடும் உங்கள் பேஷ்ஆர்சி கோப்பில் யாரோ ஒரு வரவேற்பு வாசகத்தைத் திரையில் காட்டும்படி (எக்கோ) எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்எஃப்டிபி அந்த வாசகத்தின் முதல் நான்கு எழுத்துகளைத் தனக்கு வரும் செய்தியின் நீளம் என்று நினைத்து மிரள்கிறது. எண் எதுவாக இருந்தாலும் இதே முறையில் படித்தால் குற்றவாளி வரியின் முதல் நான்கு எழுத்துகள் கிடைத்துவிடும். அந்த வரியை நீக்குங்கள், அல்லது திரையில் மனிதர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஓடும்படி ஒரு நிபந்தனைக்குள் வையுங்கள். 2022-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையும் உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியையே பயன்படுத்துவதால், மடிக்கணினியில் புதிய பதிப்பு வந்ததும் அங்கேயும் இந்தச் செய்தி எட்டிப் பார்க்கும்.

ஜாப் வரிசையிலேயே நிற்கிறது

வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளை கொடுத்தால் கடைசிப் பத்தியில் அடைப்புக்குறிக்குள் ஒரு காரணம் இருக்கும். அதைப் படிக்காமல் உதவி மேசைக்கு டிக்கெட் (புகார்) போடாதீர்கள்.

"பிரயாரிட்டி" என்றால் உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறார்கள். "ரிசோர்சஸ்" என்றால் அடுத்த முறை உங்களுடையதுதான், கேட்ட அளவு காலியாகவில்லை. இரண்டும் கோளாறு அல்ல. அசோக் (அசோசியேஷன் என்பதன் சுருக்கம்) அல்லது க்யூஓஎஸ் என்று தொடங்கும் நீளமான காரணம் வந்தால் உங்கள் குழுவின் ஒதுக்கீடோ, ஒருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்ற வரம்போ முட்டியிருக்கிறது. ஒதுக்கீட்டு நேரமே தீர்ந்துபோயிருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் நகராது. வழிகாட்டிப் பேராசிரியரிடம்தான் பேச வேண்டும். "டிபெண்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைடு" என்றால் முந்தைய ஜாப் தோற்றுவிட்டது, இது இனி எப்போதும் ஓடாது. ரத்து செய்துவிட்டு முந்தையதைச் சரிசெய்யுங்கள்.

"ரெக்நோட் நாட்அவெய்ல்" வந்து, பக்கத்தில் ஏதோ நோட் செயலிழந்ததுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம். பராமரிப்பு நாள் நெருங்குகிறதா என்று பாருங்கள். மூன்று நாளில் பராமரிப்பு தொடங்கவிருக்கும்போது நீங்கள் ஏழு நாள் கேட்டிருந்தால், அதற்குள் முடியாது என்று ஸ்லர்ம் தொடங்கவே தொடங்காது. இரண்டு நாளில் முடியும் வேலை என்றால் நேர வரம்பை இரண்டரை நாளாகக் குறைத்துப் போட்டால் உடனே ஓடினாலும் ஓடும்.

நேர வரம்பு பற்றி இன்னொன்று. "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா ஜாப்புக்கும் அதிகபட்ச நேரத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இது உங்களுக்குத்தான் நஷ்டம். கல்யாணப் பந்தியில் பத்துப் பேராகச் சேர்ந்து உட்கார நினைப்பவர்கள் நிற்கும்போது, தனியாக வந்தவர் நடுவில் இருக்கும் ஒற்றை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார் இல்லையா? ஸ்லர்மின் பேக்ஃபில் முறையும் அதுதான். பெரிய ஜாப் ஒன்றுக்காக நோட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கும் இடைவெளியில், அதற்குள் முடிந்துவிடும் என்று உறுதியாகத் தெரியும் சின்ன ஜாப்களை உள்ளே விடும். நீங்கள் உண்மையில் மூன்று மணி நேரம் ஓடும் ஜாப்புக்கு ஏழு நாள் கேட்டால் அந்த இடைவெளியில் நுழைய முடியாது. பழைய ஜாப்கள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று பார்த்து, அதற்குமேல் கால்பங்கு சேர்த்துக் கேளுங்கள்.

தொடங்கிய நொடியே செத்துவிடுகிறது

ஜாப்பின் வெளியீடு பதிவாகும் லாக் கோப்பு கூட உருவாகாமல் ஜாப் மறைந்துவிட்டதா? ஸ்கிரிப்டில் லாக் கோப்பை ஒரு துணை ஃபோல்டருக்குள் போகச் சொல்லியிருப்பீர்கள், அந்த ஃபோல்டர் இருக்காது. ஸ்லர்ம் அதை உங்களுக்காக உருவாக்கித் தராது. எழுத இடமில்லாததால் புகார் சொல்லவும் வழியில்லாமல் ஜாப் போய்விடும். ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றினால் "டாஸ் லைன் பிரேக்ஸ்" என்று ஜாப்பை வரிசையில் போடும் எஸ்பேட்ச் கட்டளை முகத்திலேயே சொல்லிவிடும். டாஸ்-டு-யூனிக்ஸ் கட்டளை ஒருமுறை போதும். இதைவிடக் கள்ளத்தனமானது, நீங்கள் கேட்ட மெமரியும் நேரமும் கணக்கிலேயே வராமல் போவது. ஹேஷ் குறிக்கும் எஸ்பேட்ச் என்ற சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தால் அது வெறும் குறிப்புரையாகிவிடும். அதேபோல, ஏதாவது ஒரு கட்டளை வந்த பிறகு எழுதிய எஸ்பேட்ச் வரிகளை ஸ்லர்ம் கண்டுகொள்ளாது. எந்த எச்சரிக்கையும் வராது, இயல்பு மதிப்பில் ஓடும். 64 ஜிபி கேட்ட ஜாப்புக்கு 4 ஜிபிதான் கிடைத்திருக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பாதி வழியில் செத்துவிடுகிறது

வெளியேறும் எண் 137 என்றால் 128-உடன் 9-ஐக் கூட்டியது, அதாவது ஒன்பதாம் எண் சிக்னலால் கொல்லப்பட்டது. பெரும்பாலும் மெமரி மிஞ்சியிருக்கும். முடிந்த ஜாப்களின் கணக்கைக் காட்டும் எஸ்ஆக்ட் கட்டளையில் நிலை "அவுட் ஆஃப் மெமரி" என்றே காட்டும். இங்கே பலர் வாதாடுவார்கள்: "64 ஜிபி கேட்டேன், அதிகபட்சப் பயன்பாடு 41 ஜிபி என்று அதுவே காட்டுகிறது, பிறகு எப்படி மெமரி போதவில்லை?" அந்த எண் தொடர்ச்சியாக அளந்தது அல்ல. ஸ்லர்ம் குறிப்பிட்ட இடைவெளியில்தான் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது, இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறை. இரண்டு பார்வைகளுக்கு நடுவில் உங்கள் புரோகிராம் ஒரு பெரிய அணியை நகலெடுத்து மெமரியைத் தாண்டியிருந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த நொடியே கொன்றுவிடும், குறிப்பேட்டில் ஏறியே இருக்காது. கெர்னல் சொல்வதை நம்புங்கள், 41-ஐ நம்பாதீர்கள்.

நேரம் தீர்ந்து "டைம்அவுட்" ஆனால் ஸ்லர்ம் முதலில் நாகரிகமாக நிறுத்தச் சொல்லும், இயல்பாக 30 விநாடி பொறுத்த பின் கொல்லும். அரை நிமிடத்தில் பெரிய மாடலைச் சேமிக்க முடியாது. சிக்னல் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பத்து நிமிடம் முன்பே எச்சரிக்கை அனுப்பச் சொல்லலாம். நீண்ட ஜாப்புகளில் இடையிடையே சேமிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு வேறு எந்த ஆலோசனையும் உதவாது.

ஜாப்பே போடாமல் லாகின் நோட்டில் ஓட்டி, "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டதா? அது எல்லாரும் வந்துபோகும் வாசல். அங்கே கனமாக எது ஓடினாலும் கொல்லும்படிதான் வைத்திருப்பார்கள்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

முடிந்த ஜாப்பின் எண்ணோடு செஃப் கட்டளையைக் கொடுங்கள். 32 கோர் கேட்ட ஜாப்பில் சிபியு திறன் 3 சதவீதம் சொச்சம் என்று காட்டினால் கால்குலேட்டர் வேண்டாம், 32-இல் ஒன்று மட்டும் உழைத்திருக்கிறது. மற்ற 31-ம் சும்மா இருந்துவிட்டு உங்கள் ஒதுக்கீட்டைத் தின்றிருக்கின்றன. கோர் அதிகம் கேட்டால் புரோகிராம் தானாக வேகமாகும் என்ற நம்பிக்கை எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. புரோகிராமுக்குப் பிரித்து வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நோட்டுக்குள் வேலையைப் பிரிக்கும் த்ரெட் வைத்து ஓடுவதற்கு சிபியூஸ் பெர் டாஸ்க் கேளுங்கள். பல நோட்களுக்கும் பிரிக்க வல்ல எம்பிஐ வைத்து ஓடுவதற்கு என்டாஸ்க்ஸ் கேளுங்கள். இரண்டையும் மாற்றிக் கேட்டால் கோர்கள் வெவ்வேறு நோட்களில் சிதறிவிடும், த்ரெட்டால் அங்கே எட்ட முடியாது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பைத்தானில் மல்டிபிராசஸிங்கின் சிபியு கவுன்ட்டைக் கேட்டால் பல பதிப்புகளில் அது நோட்டில் மொத்தம் இருக்கும் கோர்களைச் சொல்லும், உங்களுக்குக் கொடுத்ததைச் சொல்லாது. 4 கோர் வாங்கிக்கொண்டு 64 பிராசஸைத் திறந்துவிட்டால் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒரே கோரில் ஓடியதைவிட மெதுவாகக்கூட ஓடும். ஸ்லர்ம் கொடுக்கும் சூழல் மாறியிலிருந்து எண்ணிக்கையை எடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் புரோகிராமைத் தொடங்க எஸ்ரன் கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 22.05 பதிப்பில் ஸ்லர்ம் ஒரு நடைமுறையை மாற்றியது. எஸ்பேட்ச் வரியில் கேட்ட சிபியூஸ் பெர் டாஸ்க் தானாக எஸ்ரனுக்குப் போகாமல் நின்றுவிட்டது. முன்பு நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் அந்த மேம்படுத்தலுக்குப் பின் இழுக்கிறது என்றால், எஸ்ரன் வரியிலும் அதே எண்ணை எழுதிப் பாருங்கள்.

மாடல் பயிற்சிக்கான பைடார்ச் நூலகம் "ஜிபியு இல்லை" என்கிறதா? நீங்கள் நிற்பது லாகின் நோட்டா, ஜாப்பில் ஜிபியு கேட்டீர்களா என்று பார்த்துவிட்டு, ஜிபியுக்களைப் பட்டியலிடும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டுங்கள். அது ஜிபியுவைக் காட்டி, பைடார்ச் மட்டும் மறுத்தால், ஜிபியு இல்லாத லாகின் நோட்டில் நிறுவியபோது சிபியுக்கு மட்டுமான பதிப்பு இறங்கியிருக்கலாம். ஜிபியு நோட்டில் ஒரு ஊடாடு ஜாப் எடுத்து அங்கே மறுபடி நிறுவுங்கள். ஜிபியு இருக்கிறது, பயன்பாடு மட்டும் பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவில் துள்ளுகிறது என்றால் அது தரவுக்காகக் காத்துக்கிடக்கிறது. பார்க்க வேண்டிய இடம் அடுத்த பகுதி.

இடம் இல்லை என்கிறது, அல்லது காரணமே சொல்லாமல் எல்லாம் கெடுகிறது

பிரவுசரில் நிரல் எழுத உதவும் ஜூபிட்டர் திறக்க மாட்டேன் என்கிறது. கிளஸ்டரைப் பிரவுசரில் காட்டும் ஓப்பன் ஆன்டிமாண்ட் வழியாகத் திறந்த டெஸ்க்டாப் ஒரு கணம் வந்து மறைகிறது. எடிட்டரில் சேமித்த கோப்பு பூஜ்ய பைட்டாக இருக்கிறது. இவை மூன்றும் மூன்று கோளாறு என்று மூன்று டிக்கெட் வரும். ஹோம் ஃபோல்டருக்கான இட வரம்பு (கோட்டா) நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். பாதிக்கு மேல் மறைந்திருக்கும் ஃபோல்டர்களில்தான் கிடக்கும்: டாட்-கேஷ், டாட்-கோண்டா, விஎஸ் கோட் கொண்டுவந்து இறக்கிய சர்வர் கோப்புகள். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைச் சும்மா கொடுத்தால் இவை தெரியாது.

இடம் காலியாக இருந்தும் "கோட்டா எக்ஸீடட்" வந்தால் கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு இருக்கிறது என்று பொருள். பைத்தான் நூலகங்களை நிறுவும் ஒரு கோண்டா சூழலே பல்லாயிரம் கோப்புகள். லஸ்டர் போன்ற கோப்பு அமைப்புகள் சில பெரிய கோப்புகளை இணையாக வாசிக்கக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு சின்னக் கோப்பைத் திறக்கும்போதும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வரைக் கேட்டாக வேண்டும். இமேஜ்நெட் பயிற்சித் தொகுதியின் 12,81,167 படங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்து ஒவ்வொரு சுற்றிலும் திறந்தால் உங்கள் ஜிபியு பட்டினி கிடக்கும். பக்கத்து ஆய்வகத்தின் எல்எஸ் கட்டளையும் சேர்ந்து தொங்கும். ஒரே டார் கோப்பாக வைத்திருந்து, ஜாப் தொடங்கும்போது நோட்டின் உள் வட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். சூழல்களை, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டும் ஆப்டெய்னர் கன்டெய்னர் படமாக்கினால் அந்தப் பல்லாயிரமும் ஒரே கோப்பாகிவிடும்.

புராஜெக்ட் ஃபோல்டரில் டெராபைட் கணக்கில் காலி இருந்தும் அங்கே எழுத முடியவில்லையா? ஹோமிலிருந்து எம்வி கொடுத்து நகர்த்திய கோப்புகள் பழைய குழுப் பெயரையே சுமந்துகொண்டு வரும். கோட்டா குழுவை வைத்துக் கணக்கிடும் இடங்களில் அவை இருக்கும் இடம் ஒன்று, கணக்கில் ஏறும் இடம் வேறு. எல்எஸ் எல் போட்டுக் குழுப் பத்தியைப் பாருங்கள், சிஹெச்ஜிஆர்பி கொடுத்து மாற்றுங்கள்.

லைப்ரரி தகராறு

"ஜிலிப்சி எக்ஸ்எக்ஸ் 3.4.29 கிடைக்கவில்லை" என்றால் ஜிசிசி கம்பைலரின் 11 அல்லது அதற்குப் பிந்தைய மாட்யூலை (கிளஸ்டரில் தயாராக வைத்திருக்கும் மென்பொருளை) ஏற்றினால் சரியாகிவிடும். "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்பது பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் சங்கதி வேறு. இது இயங்குதளத்தின் அடிப்படை நூலகம், ரெட்ஹேட் 8 வகையறாவில் 2.28-தான் இருக்கும். எந்த மாட்யூலும் காப்பாற்றாது, கன்டெய்னர்தான் வழி. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" வந்து, சில நோட்களில் மட்டும் சாகிறது என்றால் புதிய சிபியுவில் அந்த சிபியுக்கென்றே பொருந்தும்படி நேட்டிவ் விருப்பத்தோடு தொகுத்ததைப் பழைய நோட்டில் ஓட்டுகிறீர்கள்.

கோப்பு போய்ச் சேர மாட்டேன் என்கிறது

"10 கிகாபிட் இணைப்பு என்கிறீர்கள், 9 மெகாபிட்தான் வருகிறது." இந்தப் புகாரைத் தள்ளிவிடக் கூடாது, சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதலில் அலகு. நெட்வொர்க்கைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பை பைட்டில் சொல்வார்கள். 1 கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 மெகாபைட் வந்தால் அது முழு வேகம். 1 டெராபைட்டை 100 மெகாபிட்டில் அனுப்ப 22 மணி நேரம், 1 கிகாபிட்டில் இரண்டே கால் மணி, 10 கிகாபிட்டில் கால்மணிக்கும் குறைவு. மடிக்கணினி வைஃபையில் இருந்தால் மேற்கொண்டு எதையும் அளக்காதீர்கள், கேபிளைச் செருகிவிட்டுப் பேசுவோம். கிளஸ்டர் பக்கத்தில் லாகின் நோட்டை விட்டுவிட்டு, தரவு அனுப்புவதற்கென்றே வைத்திருக்கும் டிடிஎன் நோட்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, குறை வட்டிலா நெட்வொர்க்கிலா என்று பிரிக்க வேண்டும். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவி மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்பும், வட்டைத் தொடாது. அது வேகமாக ஓடி, கோப்பு மட்டும் மெதுவாகப் போனால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள். வட்டு, லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள், அல்லது அனுப்பும் கருவி, இந்த மூன்றில் ஒன்று.

கருவி என்று சொன்னது எஸ்சிபியை நினைத்துத்தான். ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு நேரத்தில் பதில் வராமல் வெளியே விட்டுவைக்கும் தரவு சுமார் 2 மெகாபைட். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். 200 மில்லிசெகண்டுக்கு 2 மெகாபைட் என்றால் விநாடிக்கு 84 மெகாபிட். இணைப்பு 10 கிகாபிட்டாக இருந்தாலும், 100 கிகாபிட்டாக இருந்தாலும் அதே 84-தான். அதே எஸ்சிபி வளாகத்துக்குள் பறக்கும், ஏனென்றால் அங்கே போய்வர ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் குளோபஸ் போன்ற கருவிகள் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து இந்தத் தடையைத் தாண்டுகின்றன, அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன, கடைசியில் கோப்பு சிதையாமல் வந்ததா என்று செக்சம் பார்க்கின்றன. அதனால் தொலைதூரத்துக்கு எஸ்சிபியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஐபெர்ஃப்பும் தொலைதூரத்தில் மட்டும் மெதுவாக இருந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, இரு பக்க இயந்திரங்களிலும், தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபிக்கு ஒதுக்கிய தற்காலிக இடம் (பஃபர்) போதவில்லை. 10 கிகாபிட் குழாயை 200 மில்லிசெகண்ட் தூரத்துக்கு நிரப்ப 250 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும். பல லினக்ஸ் பதிப்புகளில் இயல்பு உச்சவரம்பு 6 மெகாபைட். இது நிர்வாகி மாற்ற வேண்டிய விஷயம், டிடிஎன்களில் மாற்றித்தான் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, பாக்கெட் இழப்பு. இதை நம்பவைப்பதுதான் கஷ்டம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சி வலையமைப்பான ஈஎஸ்நெட் ஒருமுறை ஒரு ரூட்டரின் பழுதடைந்த அட்டையைக் கண்டுபிடித்தது. அது 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருந்தது. சதவீதத்தில் சுமார் 0.0045. பிங் போட்டால் எதுவும் தெரியாது. ஆனால் பாக்கெட் தொலையும் ஒவ்வொரு முறையும் வழக்கமான டிசிபி தன் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, ஒவ்வொரு போய்வரலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீண்டும் ஏறும். தூரம் கூடினால் ஏறும் நேரமும் கூடும். மாதிஸ் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: பாக்கெட் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். அந்த 22,000-இல் ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். 1 மில்லிசெகண்ட் தூரத்தில் 1.7 கிகாபிட் கிடைக்கும். 200 மில்லிசெகண்டில் 9 மெகாபிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதே கம்பி, அதே பழுது. "வளாகத்துக்குள் சோதித்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்று நெட்வொர்க் பிரிவு சொல்வதும் உண்மை, வெளிநாட்டுக்குப் போகவில்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மை.

இழப்பு எங்கே நடக்கிறது? வழியிலுள்ள ரூட்டர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் எம்டிஆர் ஓட்டி நடுவில் ஒரு ரூட்டரில் 40 சதவீதம் இழப்பு என்று சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள். அதற்குப் பின்னால் உள்ள ரூட்டர்களில் இழப்பு இல்லை என்றால் அந்த 40-க்கு எந்த அர்த்தமும் இல்லை. தன்னை நோக்கி வரும் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதை அந்த ரூட்டர் குறைத்துக்கொண்டிருக்கிறது, கடந்துபோகும் பாக்கெட்டைத் தொலைக்கவில்லை. இழப்பு ஓர் இடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். ஐபெர்ஃப்பை ஆர் கொடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டி இரு திசைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு திசை மட்டும் மோசம் என்றால் அழுக்கு படிந்த ஃபைபர் முனையோ பழுதான ஆப்டிக்கோ இருக்க வாய்ப்பு அதிகம். பல வளாகங்களில் பெர்ஃப்சோனார் கருவிகள் ஒரு திசை இழப்பையும் தாமதத்தையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். அந்த வரைபடத்தில் வேகம் என்றைக்கு விழுந்தது என்று தெரிந்தால், அன்று யார் எந்தக் கேபிளைத் தொட்டார்கள் என்று கேட்கலாம்.

அழுக்கு எதுவும் இல்லை, ஆனாலும் இழப்பு இருக்கிறது என்றால் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். அலுவலகக் கணினிகளின் ஆயிரக்கணக்கான சின்ன இணைப்புகளுக்காகக் கட்டிய பெட்டி, ஒரே ஒரு பெரிய ஓட்டம் திடீரென்று பாயும்போது உள் பஃபர் நிரம்பிச் சிந்திவிடுகிறது. ஆராய்ச்சித் தரவுக்கென்று வளாக எல்லையிலேயே தனிப் பாதை போட்டு, ரூட்டரின் அணுகல் பட்டியல்களால் மட்டும் பாதுகாக்கும் சயன்ஸ் டிஎம்இசட் அமைப்பு இதற்காகத்தான் வந்தது. பாதுகாப்புப் பிரிவினர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். தரவு அனுப்பும் ஒருசில இயந்திரங்கள் மட்டும்தான் அங்கே இருக்கும், மின்னஞ்சலோ பிரவுசரோ அங்கே ஓடாது என்று விளக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு விசித்திரமான அறிகுறி. பிங் போகிறது, எஸ்எஸ்எச் இணைகிறது, சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, நீளமான வெளியீடு வந்ததும் உறைந்துவிடுகிறது. சில நேரம் கீ பரிமாற்றத்திலேயே நின்றுவிடும். இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருத்தமின்மை. ஒரு பக்கம் 9000 பைட் ஜம்போ ஃபிரேம், நடுவில் எங்கோ 1500, அல்லது விபிஎன் அதிலிருந்தும் கொஞ்சம் தின்கிறது. பெரிய பாக்கெட் நுழைய முடியவில்லை என்று திரும்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்து வைத்திருக்கிறார்கள். உடைக்காதே என்ற விருப்பத்தோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள், தலைப்பு 28-ம் சேர்ந்து 1500 ஆகும். ஜம்போவுக்கு 8972. எந்த அளவில் நின்றுபோகிறது என்று பார்த்து, தற்காலிகமாக உங்கள் பக்க எம்டியுவைக் குறையுங்கள். நிரந்தரத் தீர்வு ஐசிஎம்பியைத் திறந்துவிடுவது.

வெளியூர் வளாகத்தில் எஜுரோம் இணையவில்லை

எஜுரோம் என்பது பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை. சொந்த வளாகத்தில் வெறும் பயனர் பெயரோடு இணைந்துகொண்டிருப்பீர்கள். வெளியூரில் அது செல்லாது. அட் குறியும் உங்கள் பல்கலைக்கழக டொமைனும் சேர்த்தால்தான் கேள்வியை எந்த ஊருக்கு அனுப்புவது என்று அங்குள்ள சர்வருக்குத் தெரியும். கிளம்பும் முன்பே முழுப் பெயரோடு ஊரிலேயே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்

டிக்கெட் போடுங்கள், ஆனால் ஜாப் எண், நோட் பெயர், நேர மண்டலத்தோடு நேரம், பிழைச் செய்தி ஆகியவை இல்லாமல் போடாதீர்கள். செய்தியைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள், நாங்கள் தேட வேண்டும். நெட்வொர்க் புகார் என்றால் இரு முனைகளின் ஐபி முகவரி, எந்தத் திசை, எவ்வளவு தரவு, ஐபெர்ஃப் முடிவு. கடைசியாக நன்றாக ஓடியது என்றைக்கு, அதன் பின் எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். "எதையும் மாற்றவில்லை" என்று எழுதுவதற்கு முன் பேஷ்ஆர்சி கோப்பின் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோற்றுப்போன ஜாப்பின் ஃபோல்டரை மட்டும் நாங்கள் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.